நமக்கும் ஒரு காதல் பாட்டு: மலேசியா வாசுதேவனின் குரலும் 'முதல் மரியாதை'யும்

ஜெய் பீம்.

அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு தோழர்கள் எங்களைப் போனில் அழைத்தார்கள். "ஏனுங்க தோழர், நினைவுச் சொற்பொழிவுல சினிமாப் பாட்டப் பத்தியா பேசப்போறீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம், அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். 1985இல் வந்த 'முதல் மரியாதை' படத்தின் பாடல் ஒலிநாடாவும், அதில் ஒலிக்கும் மலேசியா வாசுதேவன் என்ற மூத்த பாடகரின் குரலும்தான் இன்றைய பேச்சு. அது எப்படி நம் அரசியலுக்குள் வருகிறது என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்று நாம் நினைவுகூரும் அண்ணனிடமிருந்து தொடங்குகிறோம். இந்த வீரபாண்டியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பகலில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் காம்பவுண்டு வீட்டின் ஒற்றை அறையில் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு கேசட் பதிவு செய்து கொடுப்பார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த பையன்கள் அவர் வாசலில் நிற்பார்கள். வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த சனிக்கிழமை கேசட் தயாராக இருக்கும்.

நம் கூட்டங்களுக்கும் அவர்தான் பதிவு செய்து தருவார். மேடை போடும்போது குழாய் ஒலிபெருக்கியில் ஓடவேண்டிய பறை முழக்கமும் விடுதலைப் பாட்டுகளும் 'ஏ' பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் முடிந்ததும் நாங்கள் திரும்பச் சுற்றி அதையே போடுவோம். 'பி' பக்கத்தை ஒரு நாளும் போட்டதில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். காதல் பாட்டுகள். "இதெல்லாம் மேடைக்கு ஆகாதுண்ணே" என்று ஒருமுறை சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "மேடைக்கு ஆகாதுன்னா மனுசனுக்கு ஆகாதா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துச் சொல்லும் பதிலாக இந்த உரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போன பிறகு அவர் தங்கை ஒரு பெட்டியை எங்களிடம் கொடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். பெரும்பாலானவற்றின் 'பி' பக்கத்தில் ஒரே படத்தின் பாட்டுகள், 'முதல் மரியாதை'. தங்கை அப்போதுதான் சொன்னார். அண்ணன் வேலை பார்த்த முதல் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணை விரும்பியிருக்கிறார். பெண் வேறு சாதி, நிலம் வைத்திருந்த சாதி. பெண் வீட்டார் வந்தார்கள். அண்ணனுக்கு வேலை போனது. பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போய் மூன்றே வாரத்தில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இருபது வருடம் எங்களோடு சாதி ஒழிப்பு பேசிய மனிதர் இதை ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொன்னதில்லை. சொல்லும்படியான இடமாக நாங்கள் இருக்கவில்லை என்பதே இதற்குப் பொருள்.

இந்தப் பாட்டுகள் அண்ணனுக்கு என்ன கொடுத்தன? அதைப் புரிந்துகொள்ள, காதல் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழ் காதலைக் கொண்டாடிய மொழி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. பெயரில்லாததால் அங்கே யாரும் காதலனாக இருக்கலாம், யாரும் காதலியாக இருக்கலாம் என்று ஆசிரியர்கள் பெருமையோடு விளக்குவார்கள். ஆனால் அதே அகத்திணையியலில் இன்னொரு நூற்பா இருக்கிறது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் பிறர் ஏவிய வேலையைச் செய்பவர்களும், காதலிக்கத் தடையில்லை, ஆனால் அது அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் என்கிறது அது. கைக்கிளை, பெருந்திணை என்ற இரண்டிலேயே அவர்களுக்கு இடம் என்று உரைகள் விரிக்கின்றன. ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலும் உழைப்பவனுக்கு, ஒத்த அன்பு ஆளுபவனுக்கு. ஊருக்கு வெளியே சேரி இருப்பதுபோல, இலக்கணத்திலும் திணைக்கு வெளியே ஒரு சேரி இருந்திருக்கிறது.

அதனால் நம் முன்னோர் பாடாமல் இருந்துவிடவில்லை. நடவு வயலில், களத்துமேட்டில், ஏற்றக்காலில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தெம்மாங்கு முழுக்க அவர்களுடைய காதல். அது அச்சேறவில்லை. அரங்கேறவும் இல்லை. அந்தக் குரல் தமிழ்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தது, 1970களின் பின்பாதியில், சினிமா வழியாக.

அந்த நேரத்தில்தான் வாசுதேவன் வருகிறார். 1944இல் மலேசியாவில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தலித் அல்லர் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிடித்தவர்களை எல்லாம் நம் சாதியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு வேண்டாம். நடிக்கும் ஆசையோடு சென்னைக்கு வந்து, கச்சேரி மேடைகளில் பாடி, வாய்ப்புக்காகக் காத்திருந்தவர். பண்ணைப்புரத்துச் சகோதரர்களின் பாவலர் பிரதர்ஸ் குழுவோடு அவர் பாடிய காலம் அது. அந்தக் குழுவுக்கு வேர், மூத்த அண்ணன் பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சியின் பிரச்சார மேடைகளில் தெம்மாங்கு மெட்டில் அரசியலைப் பாடியவர். தெருவிலும் வயல்வெளியிலும் எளிய மக்களின் நடுவே நின்று பாடிய பாட்டு அது.

1977இல் '16 வயதினிலே' வந்தது. வாசுதேவனுக்குப் பெயர் கிடைத்த படம் அதுதான். அடுத்த ஆண்டு 'கிழக்கே போகும் ரயில்'. முடிதிருத்தும் தொழிலாளியின் மகன் கவிஞனாகிறான், காதலிக்கிறான். அதிலும் வாசுதேவன் பாடினார். தொழிலைச் சொல்லி இழிவுசெய்யப்பட்ட வீட்டுப் பிள்ளை தமிழ் சினிமாவில் காதலனாக நின்று பாடியது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு பாரதிராஜா, பாக்யராஜ், ரஜினி படங்கள் என்று பத்து ஆண்டுகள் அவர் குரல் எங்கும் இருந்தது. நடிகராகவும் இருந்தார். 'ஒரு கைதியின் டைரி'யில் வில்லனாக வந்தவர் இவர்தான் என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

அவர் குரலை எப்படி விவரிப்பது? இசை தெரிந்தவர்கள் வேறு சொற்களில் சொல்வார்கள். நாங்கள் கேட்ட வகையில் சொல்கிறோம். அந்தக் குரலில் உடம்பு இருக்கும். மூட்டை தூக்கிய தோளும், வெயிலில் நின்ற தொண்டையும் இருக்கும். சந்தோஷப் பாட்டில் வாய்விட்டுத் திறக்கும் அதே குரல், சோகத்தில் அழுது காட்டாது. வரியின் கடைசியில் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். ஆண் அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன், ஆள் இல்லாத இடத்தில் பேசுவதுபோல இருக்கும்.

'முதல் மரியாதை'யில் அந்தக் குரல் சிவாஜி கணேசனுக்குப் போனது. பல ஆண்டுகளாக சிவாஜி என்றால் டி.எம். சௌந்தரராஜன் குரல். அதைக் கேட்டுப் பழகிய ஊரில், ஐம்பத்தாறு வயது சிவாஜிக்கு வாசுதேவன் பாடினார். எஸ். ஜானகி உடன் பாடினார். மெத்தை மேல் உட்கார்ந்து பாடும் காதல் அல்ல அது. தலை நரைத்த ஒருவர், தனக்குக் கிடைக்காமலே போன அன்பைப் பற்றி ஆற்றங்கரையில் பாடுகிறார். காதல் என்றால் இருபது வயது என்றே வைத்திருந்த தமிழ் சினிமாவில், வாழ்ந்து களைத்தவனின் காதலுக்கு ஒரு முழு ஒலிநாடா கிடைத்தது.

அந்தப் படத்துக்கு வந்த மரியாதைகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பாடலாசிரியர் வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருது அதில்தான் கிடைத்தது. படத்தின் இயக்குநர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் மூவருக்கும் பின்னாளில் பத்ம விருதுகள் வந்தன. நடிகருக்கு தாதாசாகேப் பால்கே விருது வந்தது. இவை எல்லாம் அவர்களுக்கு உரியவைதான். அந்தத் துயரத்தைத் தொண்டையில் சுமந்தவருக்குத் தேசிய விருது ஒருமுறைகூட வரவில்லை. பத்ம விருதும் இல்லை. மாநில அரசின் கலைமாமணியோடு, 2011 பிப்ரவரி 20 அன்று, அறுபத்தாறு வயதில் போய்விட்டார். இன்றும் அந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மெட்டைப் பற்றி எழுதுகிறார்கள், வரியைப் பற்றி எழுதுகிறார்கள், நடிப்பைப் பற்றி எழுதுகிறார்கள். குரலைப் பற்றிக் கடைசியில் அரை வரி. பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. சட்டையில் வெளிநாட்டு பிராண்டின் பெயர் இருக்கும். தைத்தவள் பெயர் எங்கும் இருக்காது.

இனி, இந்தப் படத்தோடு நமக்கு இருக்கும் கணக்கையும் பேசியாக வேண்டும். பாட்டை நேசிக்கிறோம் என்பதற்காகப் படத்தை விசாரிக்காமல் விடமுடியாது.

முதலில் அந்தத் தலைப்பு. முதல் மரியாதை என்பது நம் கிராமங்களில் என்ன? கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி, திருநீறும் மாலையும் முதலில் யாருக்குக் கொடுப்பது என்பது. அது நிலத்தையும் சாதியையும் ஊருக்கு அறிவிக்கும் சடங்கு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக நம் மக்கள் எத்தனை ஆண்டுகள் நீதிமன்றத்துக்கும் களத்துக்கும் அலைந்தார்கள் என்பது இங்கே இருக்கும் மூத்த தோழர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு சாதிச் சொல்லை எடுத்து, ஓடம் தள்ளும் ஏழைப் பெண்ணுக்கு ஊர்ப் பெரியவர் தரும் அன்பின் பெயராக மாற்றியது இந்தப் படம். அது சின்ன விஷயமல்ல. ஆனால் மரியாதையைத் தருகிற கை யாருடையது என்பதும் மாறவில்லை.

இரண்டாவது, அந்தப் படத்தில் இன்னொரு காதல் இருக்கிறது. பலர் மறந்துவிட்ட காதல். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகளை ஊர்ப் பெரியவரின் உறவுக்காரப் பையன் விரும்புகிறான். பெரியவரே முன்நின்று கல்யாணம் செய்து வைக்கிறார். பிறகு அந்தப் பெண் கொல்லப்படுகிறாள். கொன்றவன் பெரியவரின் சொந்த மருமகன். அவனைப் பெரியவரே போலீசில் ஒப்படைக்கிறார். அந்தக் கொலைக்குச் சாதி காரணம் என்று கதை சொல்லவில்லை. ஆனாலும் நாம் கேட்கவேண்டியதைக் கேட்போம். இரண்டு காதல்கள் இருக்கும் கதையில், சாக வேண்டியவளாக ஏன் சக்கிலியர் வீட்டுப் பெண்ணே இருக்கிறாள்? அவளுடைய சாவு பெரியவரின் நேர்மையைக் காட்டப் பயன்படுகிறது. மனதில் நிற்கும் சோகப் பாட்டு பெரியவருக்கு இருக்கிறது. மகளைப் பறிகொடுத்த அந்தச் செருப்புத் தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லை.

அண்ணன் இதைக் கவனிக்காதவர் அல்ல. அவரே அருந்ததியர் தெருவில் பிறந்தவர். அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது, திரையில் இருக்கும் முகத்தைக் கழித்துவிட்டு, குரலை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறோம். கேசட்டில் முகம் கிடையாது. பெரியவரின் மீசையும் துண்டும் அதில் இல்லை. தொண்டை மட்டும் இருக்கிறது. அந்தத் தொண்டை ஓவர்லாக் டெய்லருக்கும் பொருந்தியது. திணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் இப்படித்தான் ஒரு பாட்டுக்குள் நுழைந்து தன் காதலை அங்கே வைத்துக்கொண்டான். அந்தப் படம் அவனுக்குத் தராததை அவன் அந்தக் குரலிலிருந்து எடுத்துக்கொண்டான்.

இதேபோல ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. நம் இயக்கத்துக்கும் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் உறவு பழையது. கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் மகாராஷ்டிரத்தில் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நாம் அவர்களுடைய போராட்ட முழக்கங்களை மொழிபெயர்த்த அளவுக்கு அவர்களுடைய காதல் பாட்டுகளைக் கேட்கவில்லை.

அவர்களிடம் சோல் என்ற இசை இருக்கிறது. ஆன்மா என்று பொருள். கறுப்பினத் தேவாலயங்களில் ஆண்டவனைப் பார்த்து உருகிப் பாடிய அதே முறையில், காதலியை, காதலனைப் பார்த்துப் பாடியது அது. 1954இல் ரே சார்ல்ஸ் அப்படிப் பாடியபோது தேவாலயத்தினர் பலர் அதைப் பாவம் என்றார்கள். ஆனால் அடிமையாக விற்கப்பட்டு, கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் எனப் பிரிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், "நான் ஒருவரை நேசிக்கிறேன்" என்று ஊரறியப் பாடுவது சாதாரணக் காரியமா? அந்தப் பாட்டுக்குள் உரிமை இருந்தது.

1967 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய 'ரெஸ்பெக்ட்' அப்போது அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. மரியாதை என்று பொருள். ஓடிஸ் ரெட்டிங் எழுதிப் பாடியபோது அது வேலைவிட்டு வீட்டுக்கு வரும் ஆண் தன் பெண்ணிடம் கேட்கும் மரியாதை. அரீத்தா அதை ஒரு கறுப்பினப் பெண் கேட்கும் மரியாதையாகத் திருப்பினார். ஒரு வீட்டுச் சண்டைப் பாட்டு, குடியுரிமை இயக்கத்தின் பாட்டாகவும் பெண்களின் பாட்டாகவும் ஆனது. அதே ஜூன் 12ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவ்விங் தம்பதியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மில்ட்ரெட் கறுப்பினப் பெண், ரிச்சர்ட் வெள்ளையர். 1958இல் கல்யாணம் செய்துகொண்டதற்காக வர்ஜீனியாவில் கைது செய்யப்பட்டவர்கள். இன மாறித் திருமணம் செய்வதைத் தடுக்கும் சட்டங்கள் அந்தத் தீர்ப்போடு செல்லாமல் போயின. பாட்டால் தீர்ப்பு வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. நேசிக்கும் உரிமையும் மரியாதை கேட்கும் உரிமையும் ஒரே மக்களின் ஒரே கோரிக்கையாக இருந்தன என்கிறோம்.

இன்னொருவர் பில் விதர்ஸ். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். திக்குவாய். கடற்படையில் ஒன்பது வருடம். பிறகு விமானங்களுக்குக் கழிப்பறை தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. முப்பது வயதைத் தாண்டி, 1971இல் முதல் ஆல்பம் வந்தது. அட்டைப்படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார். வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம் அது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வீரபாண்டிப் பிரிவில் காலையில் தூக்குப்போசியோடு கம்பெனி வண்டிக்கு நிற்பவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்தத் தொழிலாளி பாடியது, பிரிந்துபோன பெண்ணை நினைத்து. தொழிலாளி கூலியைப் பற்றி மட்டும்தான் பாடவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நிலை அகமணமுறை என்று காட்டினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி மறுப்புத் திருமணமே உண்மையான மருந்து என்றார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தேர்வில் எழுதியிருப்பீர்கள். இதற்கு நேரடியான அர்த்தம் என்ன? சாதி தன்னைக் காத்துக்கொள்ளக் காவல் வைத்திருக்கும் இடம், நம் பிள்ளைகளின் மனசு. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரோடு டீ குடிக்கலாம், யாருக்கு மிஸ்டுகால் கொடுக்கலாம் என்பதில்தான் அது தினமும் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது. நமக்கு 1954இலேயே சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இங்கே சட்டம் தடுக்கவில்லை, தெரு தடுக்கிறது.

இந்த மேற்கு மண்டலத்தின் கணக்கை எடுங்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ். உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் மாணவன். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. 2016 மார்ச் 13 அன்று, நம் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே சங்கர் வெட்டப்பட்டார். உடனிருந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். நாடே அதைக் கண்காணிப்புக் கேமராவில் பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இவற்றுக்கு முன்னால் தருமபுரியில் இளவரசன். பெருமாள்முருகன் 'பூக்குழி' நாவலை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின். படிப்பு இருந்தது, நல்ல வேலை இருந்தது. அவையும் அவரைக் காப்பாற்றவில்லை.

பனியன் கம்பெனி சாதியை உடைக்கும் என்று ஒருகாலத்தில் நாமும் நம்பினோம். ஒரே டேபிளில் பத்துச் சாதி உட்கார்ந்து தைக்கும்போது ஏதோ ஒன்று தளரும் என்று எதிர்பார்த்தோம். தளரவும் செய்தது. திருப்பூரில் உருவான சாதி மறுப்புக் குடும்பங்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதே தொழில்தான் சுமங்கலித் திட்டத்தையும் கொண்டுவந்தது. நூற்பாலைகளில் பெண் பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்றார்கள். அதில் நம் தெருப் பிள்ளைகள் ஏராளம். கல்யாணத்துக்காகவே உழைக்க வேண்டும், ஆனால் யாரோடும் பேசக் கூடாது, போன் கூடாது, தனியாக வெளியே போகக் கூடாது. அந்தப் பெண்ணின் உழைப்பும் வேண்டும், அவளுடைய விருப்பம் மட்டும் வேண்டாம். வினைவலருக்கு ஐந்திணையில் இடமில்லை என்ற விதி பஞ்சு மில்லுக்குள்ளும் நடந்தது.

கடைசியாக, எங்களைப் பற்றி. நினைவுச் சொற்பொழிவில் அடுத்தவர் குற்றத்தை மட்டும் பேசிவிட்டு இறங்கக் கூடாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு பையனும் பெண்ணும் எங்கள் அமைப்பின் அறைக்கு வந்தார்கள். பையன் நம் ஆள். பெண் இடைநிலைச் சாதி. இருவரும் ஒரே கம்பெனியில் வேலை. அன்றிரவு தங்க இடமும், மறுநாள் பதிவுக்கு வழியும் கேட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? கூட்டம் போட்டோம். பெண்ணின் வயதுச் சான்று கேட்டோம், அது சரி. பிறகு, இதனால் வரப்போகும் மாநாட்டுக்கு இடைஞ்சல் வருமா என்று பேசினோம். இது கொள்கைக் காதலா, சினிமாக் காதலா என்றுகூட ஒருவர் கேட்டார். நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. ரெண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இரண்டாவது நாள் அந்தப் பெண்ணை வீட்டார் கூட்டிப்போய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் எதற்கும் வரவில்லை. அன்று அந்த அறையில் அண்ணனும் இருந்தார். பேசாமல் எழுந்து போனார். அவர் ஏன் பேசவில்லை என்று எங்களுக்கு இப்போது புரிகிறது.

காதலைச் சின்ன விஷயமாக நினைத்ததால் செய்த தவறு அது. மேடையில் அகமணமுறையை ஒழிப்போம் என்று முழங்கினோம். அதை ஒழிக்கத் துணிந்து வந்த இரண்டு பேரை வாசலில் நிறுத்தினோம். எங்களிடம் 'ஏ' பக்கம் மட்டும்தான் இருந்தது.

எனவே இளைய தோழர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு என்ற ஒரு பிரிவு இருக்கிறது. பெயரும் முகவரியும் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். தேடி வருகிறவனுக்கு அதுவே வழிகாட்டி. அதை நீக்கக் கோருங்கள். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது, அதன் தொலைபேசியை யார் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் ஆணையம் அறிவித்திருக்கிறது. அதற்கு மனு எழுதுங்கள். பனியன் கம்பெனி அனுபவத்திலிருந்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் வந்து கதவைத் தட்டினால், அன்றிரவே இடம் கொடுங்கள். கூட்டத்தை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. எழுதுகிறவர்கள் நம் காதலையும் எழுதுங்கள். தலித் இலக்கியம் என்றால் வலி என்று பல்கலைக்கழகங்கள் வகுத்துவிட்டன. வலியை நாம் எழுதத்தான் வேண்டும். ஆனால் நம் அப்பனும் ஆத்தாளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததும், கரும்புக்காட்டுக்குள் காத்திருந்ததும், கம்பெனி வண்டியில் இடம் பிடித்து வைத்ததும் நம் வரலாறுதான். அந்தச் செருப்புத் தொழிலாளியின் மகளுக்கு ஒரு பாட்டு இன்னும் பாக்கி இருக்கிறது. அதை யாரோ வந்து எழுதித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். சங்கரை இழந்த கௌசல்யா பறையைக் கற்றுக்கொண்டு மேடையில் அடித்தார். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கிவைத்த பறையை, காதலித்ததற்காகத் துணையை இழந்த ஒரு பெண் தோளில் மாட்டிக்கொண்டார். நம் காதல் பாட்டுக்கு எந்தத் தாளம் என்று அவர் காட்டிவிட்டார்.

அண்ணனின் டேப் ரெக்கார்டரைத் தங்கை பத்திரமாக வைத்திருந்தார். பெல்ட் மாற்றி இன்று இங்கே கொண்டுவந்திருக்கிறோம். நாடா பழையது, இழுத்து இழுத்துப் பாடும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரும் உடனே எழுந்து போக வேண்டாம். இந்த மேடையில் முதல்முறையாக அவருடைய கேசட்டின் 'பி' பக்கத்தைப் போடுகிறோம்.

ஜெய் பீம்.